பலாப்பழத்தோடு முடிந்த வழக்கு

பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைத்திருக்கும் ஒருவனுக்காகத்தான் நான் கொல்லிமலைக்குப் போனேன். அதனால் கோபம் மலேசியாவிலேயே ஆரம்பித்துவிட்டது. அதையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் விமானம் ஏறினேன். சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

ஈப்போவில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. அங்கே தோசைக்கல் முன்னால் நிற்பவன் முருகேசன். கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுக்காரன். மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. அப்பா இல்லை, அம்மா வெள்ளையம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். ஓடை ஓரத்தில் ஒரு துண்டு நிலம், அதில் மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. அதுதான் அவர்கள் பிழைப்பு. அந்த நிலத்தில் சொகுசு விடுதி கட்டுவதற்காக வேலி போட வந்திருக்கிறார்கள். இடத்தை விடுதிக்காரர்களுக்குக் கொடுத்தவன் பக்கத்து நிலத்துக்காரர் சடையனின் மகன் ராசேந்திரன். அவன் இப்போது நாமக்கல்லில் குடியிருக்கிறான். "உங்கள் தகப்பனார் பெரியண்ணன் இந்த நிலத்துக்காக என் தகப்பனார் மேல் போட்ட வழக்கு அப்போதே தள்ளுபடி ஆகிவிட்டது, நிலம் எங்களுடையது" என்று வெள்ளையம்மாவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான். வழக்கு எண் கிடையாது, வருடம் கிடையாது, வெறும் மிரட்டல்.

"கேசு நமக்குத்தான் ஆச்சுன்னு எங்கம்மா சொல்லுது. அவன் தள்ளுபடிங்கறான். கோர்ட்டுக் காயிதத்தப் பாத்தாத்தானுங்க தெரியும்" என்றான் முருகேசன். லீவு கேட்டானாம். முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. "நீங்க சேலத்துக்குக் கல்யாணத்துக்குப் போறீங்களாமா. அப்படியே அந்த நகல மட்டும் எடுத்து எங்கம்மாகிட்டக் குடுத்துருங்கம்மா."

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழில் அழுகிறவர்களை மலாயில் அழ வைத்ததுதான் என் உத்தியோகம். கோர்ட் நகல் என்றால் எனக்கு ஒரு காலை நேரத்து வேலை. எண்ணைச் சொன்னால் போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் காகிதம் கையில் இருக்கும். அந்தத் திமிரோடுதான் புறப்பட்டேன்.

அடிவாரத்துக் காரவள்ளியில் மலைப் பஸ் பிடித்தேன். பஸ் புறப்படுவதற்குள் நடத்துநர் கையில் ஆளாளுக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மாத்திரைக் கவர். ஒரு அம்மாள் ஜோடிச் செருப்பு. இன்னொருவர் எதுவும் கொடுக்காமல் ஜன்னல் வழியே, "செம்மேட்டுல எம் மச்சான் நிப்பாரு. மாடு புடிக்க நாளைக்கு வரமாட்டேன்னு சொல்லிருங்க" என்றார். நடத்துநர் தலையை ஆட்டினார். எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. மறந்துவிட மாட்டாரா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். "மறந்தா மறுநா சொல்லுவாருங்க" என்றார் அவர், அதில் என்ன கஷ்டம் என்பதுபோல.

எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம் ஜோடி, முதுகுப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். "இங்கே இடம் இன்னும் மலிவுதானாம். மலைக்காரர்களுக்கு விலை கேட்கத் தெரியாதாம்" என்றான் அவன். "ஒன்று வாங்கிப் போடேன், வார இறுதிக்கு வந்து போகலாம்" என்றாள் அவள். காய்கறி வாங்குகிற குரல். பின்னாலிருந்து அவர்கள் தலையில் ஒரு குட்டு வைக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் கேமரன் மலைக்குப் போனால் வழியெல்லாம் தூங்கிக்கொண்டே போகலாம். இங்கே எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் குடல் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. ஓட்டுநர் தண்ணீர் தேடிப் போனார். இறங்கிக் காற்று வாங்கலாம் என்று நின்றேன். ஒரு குரங்கு வந்து என் கையிலிருந்த கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு சுவரில் ஏறி உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான் கத்திய கத்தலில் பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். "உடுங்க அக்கா, அதுக்கும் பசிக்குமில்ல" என்றது ஒரு குரல்.

வெள்ளையம்மா நிறுத்தத்திலேயே நின்றாள். ஐம்பதைத் தொட்ட ஒல்லி உருவம். என் பையைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். மகனைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்க நேரத்துக்குத் தூங்கறானுங்களா அக்கா?" தூங்குகிறான் என்றேன். பொய். பதினான்கு மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்கிறவன் எங்கே நேரத்துக்குத் தூங்குவது?

அன்று சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, தொட்டுக்கொள்ள பச்சைமிளகாய்த் துவையல். எங்கள் பக்கம் மரவள்ளியில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பலகாரம் பண்ணுவார்கள். இங்கே கிழங்கு கிழங்காகவே இருந்தது, காரம் கண்ணில் நின்றது. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட கையோடு நிலத்தைக் காட்டினாள். வேலி வரப்போகிற கோட்டில் சுண்ணாம்பைத் தூவியிருந்தார்கள். கோடு அவள் மிளகுக் கொடிகளுக்கு மேல்பக்கமாக, வீட்டை ஒட்டினாற்போல் போனது. நிலம் முழுவதும் கோட்டுக்கு அந்தப் பக்கம். இவளுக்கு மிச்சம் வீடும் வாசலும்தான்.

"கேஸ் ஜெயித்தது உனக்கு எப்படித் தெரியும்? தீர்ப்பைப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

"எங்கய்யன் வந்து, எல்லாம் முடிஞ்சுது, இனி நெலம் நம்மளுதுன்னாரு. அன்னியிலிருந்து நாங்கதான வெள்ளாம பண்றோம். சடையன் மாமன் சாகற வரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்லீங்க. மவன்தான் கேக்கறான்."

அய்யன் என்றால் அப்பா. அப்பா பொய் சொல்ல மாட்டார் என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே சாட்சி. எனக்கு அது போதும். கோர்ட்டுக்குப் போதாது.

மறுநாள் நான் மட்டும் கீழே இறங்கினேன். அவள் நிலத்தை விட்டு நகர்ந்தால் குழி வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள் என்று பயந்தாள். கோர்ட் இருக்கும் ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே இருக்கிற இரண்டொரு நல்லவர்களுக்கும் கெட்ட பெயர் வரும்.

நகல் பிரிவின் ஜன்னல், குனிந்தால் மட்டும் பேச முடிகிற உயரத்தில் இருந்தது. யார் யோசித்தார்களோ, மனிதர்களைக் குனிய வைக்க வேண்டும் என்று தீர்மானித்தே கட்டியிருக்க வேண்டும். உள்ளே இருந்த எழுத்தர் நல்ல பிள்ளை மாதிரிதான் இருந்தார்.

"நம்பர் சொல்லுங்க."

தெரியாது என்றேன்.

"வருசம்?"

அதுவும் தெரியாது.

"நீங்க வாதியா, பிரதிவாதியா?"

இரண்டும் இல்லை, வாதியின் மகளுக்காக வந்திருக்கிறேன் என்றேன்.

"அப்ப நீங்க மூணாவது மனுசருங்க மேடம். எதுக்கு வேணும்னு தனியா மனுப் போட்டு, ஜட்ஜ் ஐயா உத்தரவு வாங்கோணும். இல்லாட்டி அந்தம்மாவையே கூட்டியாந்துருங்க. வாரிசுன்னு காட்ட ஏதாச்சும் கொண்டாங்க. இன்னிக்கு வந்தும் புண்ணியமில்லீங்க. வக்கீலுங்க கோர்ட்டுப் புறக்கணிப்பு."

முப்பது வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவள் நான் என்று அந்த ஓட்டைக்குள் தலையை விட்டுச் சொன்னேன். "சந்தோசமுங்க" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும் அவரால்? எனக்குத்தான் கன்னம் சுட்டது. ஒரு மகள் தன் அப்பா போட்ட வழக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். இறங்கினால் நிலம் போய்விடும். இந்தச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவராவது ஒரு தடவை காரவள்ளி பஸ்ஸில் ஏறியிருப்பார்களா?

கோபத்தில் பலகையைச் சரியாகப் படிக்காமல் ஏறியதில் பஸ் என்னை முள்ளுக்குறிச்சியில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. அந்த வழியாகவும் மலைக்கு ஒரு சாலை உண்டு, ஆனால் அன்றைக்கு அடுத்த பஸ் வரவே இல்லை. டீக்கடையில் போண்டாவைத் தின்றுகொண்டு வழி பார்த்திருந்தபோது ஒரு மினி லாரிக்காரர், "எங்கீங்க போகோணும்? ஆலத்தூர் நாடா? ஏறுங்க அம்மிணி, நானும் அங்கதான்" என்றார். மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

நாலைந்து வளைவு தாண்டிய பிறகுதான் லோடு என்ன என்று கேட்டேன்.

"வேலிக் கல்லுங்க. ஓட ஓரத்துல ரிசார்ட் வருதில்ல, அங்க எறக்கோணும்."

வெள்ளையம்மாவின் நிலத்தை அடைக்கப் போகிற கல் தூண்களோடு, அவளுக்காகக் கோர்ட்டுக்குப் போன நான், ஓசிச் சவாரியில் மலை ஏறிக்கொண்டிருந்தேன். இறங்கிவிடலாம் என்றால் இரண்டு பக்கமும் காடு. மீதி வழி முழுவதும் நான் அந்த மனிதரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பாவம், எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

அடுத்த முறை வெள்ளையம்மாவும் வந்தாள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"கேசு எந்த வருசம் நடந்துச்சும்மா?" என்று கேட்டார் எழுத்தர்.

"நான் பெரிய மனுசி ஆன வருசமுங்க. எங்கய்யன் வாய்தாவுக்கு வந்துட்டுத் திரும்பறப்பத்தான் எனக்குத் தெரட்டிக்குப் பாவாட எடுத்தாந்தாரு."

வரிசையில் பின்னால் நின்ற இரண்டு குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்தது போதவில்லை, ஒரு பெண் தன் வாழ்க்கையை எதைக் கொண்டு கணக்கு வைப்பாள் என்று உங்கள் வீட்டில் போய்க் கேளுங்கள் என்று சத்தமாகவே சொன்னேன். சிரிப்பு நின்றது. எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிச் சான்றிதழிலிருந்து பிறந்த வருடத்தைக் குறித்தார். முன்னே பின்னே சேர்த்துச் சில வருடங்களின் பதிவேட்டைப் புரட்ட மனுவும் எழுதச் சொன்னார்.

"பேரு பெரியண்ணன். ஊரு ஆலத்தூர் நாடு. அவ்வளவுதானா?" என்று பெருமூச்சு விட்டார். "மலையில பாதிப் பேரு பெரியண்ணன், மீதி பெரியசாமிங்க. எல்லாரும் ஒரே சாமி பேரு. தேடறவன் கதி என்னங்க ஆகறது? அடுத்த வாரம் வாங்க."

நாங்கள் மலைக்குத் திரும்பியபோது சுண்ணாம்புக் கோட்டில் வரிசையாகக் குழி வெட்டியிருந்தார்கள். வெட்டியவர்கள் வெளியூர்க்காரர்கள் இல்லை, அவளுடைய ஊர் ஆட்களே. பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி கடப்பாரையோடு நின்றார். எங்களைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கூலிக்கு வந்தேன் வெள்ளையம்மா. நான் வராட்டி வேற ஆளு வருவான்."

"தெரியுமுங்க அண்ணா" என்றாள் அவள். என் வாயில் வந்ததை அவள் சொல்லவில்லை. நானும் விழுங்கிக்கொண்டேன். குழிக்குப் பக்கத்தில் நாலு மிளகுக் கொடி வேரோடு கிடந்தது. அவற்றை எடுத்து, ஈரத் துணி சுற்றி, வீட்டுக்குப் பின்னால் நட்டு வைத்தாள். அன்று இருவரும் அதிகம் சாப்பிடவில்லை.

இடையில் சேலத்துக் கல்யாணம். வாழை இலையில் பத்தொன்பது வகை வைத்தார்கள் என்று எல்லாரும் பெருமைப்பட்டார்கள். எனக்கு எதிலும் உப்பு உறைக்கவில்லை. மலேசியாவிலிருந்து வந்தவள் ஊர் சுற்றிப் பார்த்தாளா என்று கேட்ட மாமா ஒருவரிடம், கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தேன் என்றேன். அவர் வேறு பந்திக்குப் போய்விட்டார்.

சொன்ன வாரம் போனோம். எழுத்தர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கண்டுபிடித்திருந்தார். வழக்குக் கட்டு இல்லை. இந்த மாதிரித் தள்ளுபடியான கட்டுகளை ரொம்ப வருடம் வைத்திருக்க மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். மிஞ்சியது பதிவேட்டில் இருந்த குறிப்புகள் மட்டும். அதன் நகலைக் கொடுத்தார்.

தள்ளுபடி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதுமே நகலைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தேன். ஒற்றைக் காகிதம். மேலே பெரியண்ணன் பெயர், சடையன் பெயர், ஓடை ஓர நிலத்தின் நான்கு எல்லை. கீழே வாய்தாக்களின் வரிசை. கடைசியில் ஒரே வரி. "வாதி, பிரதிவாதி இருவரும் ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடி."

அப்படியென்றால் ராசேந்திரன் சொன்னது உண்மை. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் விசாரிக்கவும் இல்லை. கூப்பிட்டபோது ஆள் இல்லை, அவ்வளவுதான். என் கோபம் முழுவதும் திரும்பி வெள்ளையம்மா மேல் விழுந்தது. கோர்ட் வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"உன் அப்பா அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்தார்? கேஸ் போட்டவர் வராமல் இருந்தால் யார் தீர்ப்புச் சொல்வார்கள்?"

அவள் பயப்படவில்லை. எதையோ நினைவுக்குக் கொண்டுவருவதுபோல் சுவரைப் பார்த்தாள். "அன்னிக்கா? அன்னிக்குத்தானுங்க பெரியசாமி கோயிலுக்குப் போனாங்க."

பிறகு உட்கார்ந்து சொன்னாள். மலையில் ஒருவன் அநியாயம் செய்தால், அடிபட்டவன் பெரியசாமி கோயிலுக்குப் போய் உயிர்ச் சேவலை வேலில் குத்தி நிறுத்திவிட்டு வருவான். இது என் வழக்கு, நீயே கேள் என்று அர்த்தம். பெரியண்ணன் கோர்ட்டிலும் வழக்குப் போட்டார், கோயிலிலும் சேவல் குத்தினார். கோர்ட் வாய்தா மேல் வாய்தா கொடுத்தது. இதற்குள் சடையன் வீட்டில் மாடு செத்தது, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. சடையன் பயந்துபோய்த் தானே வந்து, வா, சாமி முன்னால் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். இருவரும் ஒன்றாக மலை உச்சிக்கு ஏறினார்கள். ஓடைக்கு இந்தப் பக்கம் உன்னுடையது, நானோ என் பிள்ளைகளோ இனிமேல் கேட்க மாட்டோம் என்று சடையன் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். பெரியண்ணன் குத்தி வைத்த வேலைப் பிடுங்கினார். வழக்கு முடிந்தது.

"அன்றைக்கு வாய்தா என்று தெரியாதா?"

"தெரியாம என்னங்க? அதுக்குத்தான் கோர்ட்டுக்குச் சொல்லியுட்டாங்க."

"யாரிடம்?"

"காலைப் பஸ்சுக் கண்டக்டருகிட்ட. எங்க கேசு முடிஞ்சுபோச்சு, இனி எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்னு ஜட்ஜ் ஐயாகிட்டச் சொல்லச் சொன்னாங்க. வெறுங்கையா சொன்னா நல்லாருக்காதுன்னு ஐயாவுக்கு ஒரு பலாப்பழமும் குடுத்துட்டாங்க. நல்ல பெரிய பழமுங்க, நான்தான் தூக்கிட்டுப் போயிக் குடுத்தேன்."

மாத்திரை, செருப்பு, மாடு பிடிக்க வரமாட்டேன் என்ற தகவல் எல்லாம் போய்ச் சேருகிற வழியில்தான் வழக்கையும் அனுப்பியிருக்கிறார்கள். மலையில் அந்தச் செய்தி தவறாது. கீழேதான் அதற்கு மதிப்பில்லை. பலாப்பழம் எந்த வீட்டில் அறுபட்டதோ. வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீலிடம் காகிதத்தைக் காட்டினேன். "விசாரிச்சுத் தள்ளல மேடம். அதனால எதிர்த் தரப்புக்கு உரிமைன்னும் ஆயிறாது. நெலத்த அனுபவத்துல வெச்சிருக்கறவங்க புதுசா கேஸ் போட்டுத் தடை கேக்கலாம். என்ன, வருசக்கணக்கா இழுக்கும்" என்றார். அதற்குள் விடுதியில் ஆட்கள் தங்கிக் கிளம்பிப் போயிருப்பார்கள்.

"கடைசி வரிய இன்னொருக்காப் படிங்கக்கா" என்றாள் வெள்ளையம்மா.

படித்தேன். எரிச்சலோடுதான்.

"இருவரும்னா? சடையன் மாமனும் அன்னிக்கு வரலைங்களா?"

"அவரும்தான் வரவில்லை."

"அதுக்கு முந்தின வாய்தாவுக்கெல்லாம்?"

வரிசையைப் பார்த்தேன். எல்லா வாய்தாவிலும் பிரதிவாதி ஆஜர். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த ஒரு நாள் மட்டும்தான் வரவில்லை.

வெள்ளையம்மா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் முகத்தில் சிரிப்பு. "பாத்தீங்களா? மாமன் வந்திருந்தா அன்னிக்குக் கேசு அவருக்கில்ல ஆயிருக்கும்? எங்கய்யன் வரமாட்டாருன்னு அவருக்குத் தெரியும். ஆனாலும் வரல. எங்கய்யனோட கோயில்ல இருந்தாரு. கோர்ட்டே எழுதி வெச்சிருக்குது."

தோற்றுப்போன காகிதம் என்று நான் நினைத்ததை அவள் அப்படிப் படித்தாள். சட்டம் அதை அப்படிப் படிக்குமா என்பது வேறு.

நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. ராசேந்திரனின் கார் சாலையோரம் நின்றது. குழிகளில் கல் தூண்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள், பாதி வரிசை நட்டாகிவிட்டது. வேலி ஒப்பந்தக்காரர் குடையோடு நின்று வேலை வாங்கினார். பொன்னுசாமியும் மற்றவர்களும் எங்களைப் பார்க்காமல் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னக்கா, காயிதம் கெடச்சுதா? நான் சொன்னதுதான இருக்குது?" என்றான் ராசேந்திரன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் கார்ச் சாவி.

"ஆமா கண்ணு. தள்ளுபடின்னுதான் இருக்குது."

கடப்பாரைகள் நின்றன.

"அப்பறம் என்னக்கா? வீணா அலைஞ்சுக்கிட்டு."

"இன்னொன்னும் இருக்குது. எல்லா வாய்தாவுக்கும் போன உங்கய்யன் அன்னிக்குப் போகல. எங்கய்யனும் போகல. ரெண்டு பேரும் எங்க இருந்தாங்கன்னு ஊருக்கே தெரியும்."

"பஸ்சு கெடைச்சிருக்காது. அதுக்கு நான் என்ன பண்றது?"

"சரி, வா. இப்பவே கோயிலுக்கு ஏறுவோம். எங்கய்யன் அன்னிக்கு இங்க வரல, எந்தச் சத்தியமும் பண்ணலன்னு சூடத்த அடிச்சு அணைச்சுச் சொல்லு. சொல்லிப்போட்டீன்னா நாளைக்கே ஊட்டையும் காலி பண்ணிக்கறேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். வீட்டைப் பந்தயம் வைக்கிறாளே! அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. ராசேந்திரன் ஒப்பந்தக்காரரைப் பார்த்தான், பிறகு வேலையாட்களைப் பார்த்தான். எல்லாரும் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது ஞாயந்தான ராசேந்திரா?" என்றார் பொன்னுசாமி. "போயிச் சொல்லிட்டு வந்துரு. அதுவரைக்கும் நாங்க உக்காந்திருக்கறோம்."

"இந்தக் காலத்துல போயி சூடம் சத்தியம்னுட்டு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. "எனக்கு நாமக்கல்ல சோலி கெடக்குது" என்றபடி காரில் ஏறினான். கார் கீழ்ப்பக்கம் திரும்பியது.

பொன்னுசாமி கடப்பாரையைக் கீழே போட்டார். ஒவ்வொருவராக எல்லாரும் போட்டார்கள். ஓடையில் இறங்கிக் கை கால் கழுவினார்கள். அன்றைய கூலி கிடைக்காது என்று ஒப்பந்தக்காரர் கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கட்டும், நாளைக்குக் கீழ இருந்து ஆளு எறக்கறேன்" என்றார். இறக்குவார். அது எனக்கும் தெரியும். வெள்ளையம்மாவிடம் மெல்லச் சொன்னேன்: சந்தோஷப்படாதே, தடை உத்தரவு வாங்கினால்தான் ஆயிற்று, காலையில் அந்த வக்கீலிடம் போக வேண்டும்.

"போலாமுங்க" என்றாள். சொல்லிக்கொண்டே கிடந்த கடப்பாரைகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டு வாசலில் போட்டாள். நானும் ஒன்றை இழுத்தேன். நினைத்ததைவிடக் கனம்.

"ஏம்மா, அது என்னோட சாமான்!" ஒப்பந்தக்காரர் குடையை மடக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எடுத்தீன்னா திருட்டுக் கேசு குடுப்பேன். உன்னயக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்."

வெள்ளையம்மா கடைசிக் கடப்பாரையையும் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"குடுங்க சாமி" என்றாள். "இந்தத் தடவ, கூப்புடறதுக்கு முன்னாலயே வந்து உக்காந்திருப்பேன்."